பாஸ்போர்ட் போட்டோ முகங்கள்

வலியசாலைக்காரர்களுக்கு என்னை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நீங்கள் "போதும், போதும்" என்று இலையைக் கையால் மறைத்த பிறகும், விரலிடுக்கு வழியாக ஒரு கரண்டி பால் பாயசத்தை ஊற்றிவிட்டுப் போனானே ஒரு தடியன், அவன்தான் நான். பேர் ரமணி. வயது ஐம்பத்து மூன்று. முப்பது வருஷமாகப் பந்தி விளம்புகிறேன். திருவனந்தபுரத்தில் நாங்கள் பரிமாறுவதை அப்படித்தான் சொல்வோம்.

விளம்புவதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று கேட்பீர்கள். படிப்பு வேண்டாம், கண் வேண்டும். ஒரு வரிசையில் ஐம்பது இலை. போளியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு பாயசத்துக்குக் காத்திருப்பவர் யார், ஆசை இருந்தும் சம்பந்தி பக்கத்தில் இருப்பதால் வெட்கப்படுபவர் யார், சர்க்கரை வியாதியோடு மனைவி அந்தப்பக்கம் திரும்பட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர் யார், நிஜமாகவே வயிறு நிரம்பியவர் யார் என்று கரண்டி வாளியிலிருந்து மேலே வருவதற்குள் தெரிந்தாக வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. வாய் "போதும்" என்று சொல்லும். முகம் வேறு சொல்லும். நான் முகத்துக்குத்தான் விளம்புவேன்.

சமையல் என் அண்ணா. நாராயணன் என்று பேர், எல்லோருக்கும் நாணு. அடுக்களை அவன் ராஜ்யம், ஹால் என் ராஜ்யம். காலி வாளியோடு நான் உள்ளே போனால், "எப்படிடா இருக்கு?" என்று அவன் கேட்டதே கிடையாது. என் மூஞ்சியை ஒரு தரம் பார்ப்பான். பார்த்துவிட்டு அடுத்த அண்டாவில் உப்புப் போடுவான், இல்லை போடமாட்டான். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அந்த அண்ணா, நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாலாம் நாள் காலையில் செத்துப்போனான். எனக்கு அது தெரிந்தது இருபத்திரண்டாம் நாள். நடுவில் பதினெட்டு நாள், என்னைப் பார்க்க வந்த அத்தனை முகத்திலும் அது இருந்திருக்கிறது. முகத்தைப் பார்த்துப் பிழைத்தவனுக்கு அது தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இடது கை இன்னும் சரியாகவில்லை. அதனால் வலது கையால் எழுதுகிறேன். முன்பும் வலது கையால்தான் எழுதினேன், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், ஒரு அனுதாபத்துக்கு.

கரமனைப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஆரம்பித்தது. ரசம் விளம்பிக்கொண்டு போகிறேன். இரண்டு வரிசை எதிரெதிராக. வலதுபக்கத்து இலைகளுக்கெல்லாம் ரசம் விழுந்தது. இடதுபக்கம் ஒருத்தருக்கும் விழவில்லை. அந்தப் பக்கம் ஆள் இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

"ஓய், இங்கேயும் மனுஷா இருக்கோமாக்கும்!" என்று யாரோ கத்தினார்.

கேரளத்தில் இடதுபக்கத்தைக் கவனிக்காமல் ஒருத்தன் பிழைக்க முடியுமா என்று பிற்பாடு நான் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. வாளி கையிலிருந்து நழுவி, ரசம் முழுக்க மாப்பிள்ளையின் சித்தப்பா மேல்.

சத்தம் கேட்டு அண்ணா வெளியே வந்தான். என் மூஞ்சியைப் பார்த்தான். "ரமணி, சிரிடா பார்ப்போம்" என்றான். சிரித்தேன். பாதிதான் சிரித்தது போலிருக்கிறது. அடுத்த நிமிஷம் என்னை ஒரு காரில் தள்ளி, அவனும் ஏறிக்கொண்டான். பாயசம் இலைக்கு வருவதற்கு முன்னால் அண்ணா ஒரு மண்டபத்தை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

தலைக்குள் வலதுபக்கம் ஒரு ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மூளையில் வலதுபக்கம் கெட்டால் உடம்பில் இடதுபக்கம் விழும். ஸ்ட்ரோக் என்று நாம் சொல்வது இதைத்தான். சீக்கிரம் கொண்டுவந்ததால் மருந்து ஏற்றிக் கட்டியைக் கரைக்கப் பார்த்தார்கள். பாதி கரைந்தது. எம்.ஆர்.ஐ. என்று ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். நாகஸ்வரக்காரர் வராத கச்சேரியில் தவில்காரர் மட்டும் கோபத்தில் வாசிப்பதுபோல் அரை மணி நேரம் சத்தம். அப்புறம், விழுங்க முடிகிறதா என்று பார்க்க ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு விளம்பினவனுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர். அதிலும் பாதி இடதுபக்கக் கடைவாயில் வழிந்தது.

ஐ.சி.யூ.வில் சாயங்காலம் ஐந்து நிமிஷம்தான் பார்க்க விடுவார்கள். அண்ணா மூன்று நாளும் வந்தான். மூன்றாம் நாள் கட்டில் பக்கத்தில் நின்று என் தாடையைப் பிடித்துப் பார்த்தான். அந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூக்கு, நரைத்த மீசை, நெற்றியில் துடைத்து மீந்த சந்தனம். பயந்திருந்தானா, தைரியமாக இருந்தானா, எனக்காக வருத்தப்பட்டானா, தெரியவில்லை. எத்தனை தடவை ஞாபகப்படுத்திப் பார்த்தாலும் மூக்கும் மீசையும் சந்தனமும்தான் வருகிறது.

மறுநாள் காலையில் குளிக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தானாம். அவ்வளவுதான்.

என் ரத்த அழுத்தம் அப்போது ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் சொன்னதால், என் சம்சாரம் சாந்தா ஒரு முடிவு எடுத்தாள். வார்டுக்கு மாற்றின அன்றைக்கு நான் கேட்டேன். "அண்ணா எங்கேடி?"

"பாலக்காட்டுல ஒரு பெரிய ஆர்டர். ஒத்துண்டாச்சு, விடமுடியலை. போயிருக்கார்."

"போன் பண்ணிக் கொடு."

"போன் சாம்பார் அண்டாவுல விழுந்துடுத்தாம்."

இதை நான் நம்பினேன். நம்பினதோடு விடவில்லை. பாதி வாயால் சிரித்து, வார்டு முழுக்கச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரரிடம், துடைக்க வருகிற அம்மாவிடம், ஷைனி சிஸ்டரிடம். ஷைனி விதுராக்காரி. அவள் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளின தமிழ்க்காரி. அதனால் என்னிடம் தமிழும் மலையாளமும் பிசைந்து பேசுவாள். "சாம்பார்ல போனா? கொள்ளாமே அங்கிளே, நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டு மாத்திரையை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

எட்டாம் நாள், டாக்டர் மேடம் ஒரு கட்டு அட்டைகளோடு வந்தார். முதலில் பிரபலமானவர்களின் படங்கள். இது யார், இது யார் என்று கேட்டார். நடிகர், மந்திரி, கிரிக்கெட்காரர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பரீட்சையில் நான் நூற்றுக்கு நூறு வாங்கினது அன்றைக்குத்தான். அதற்கடுத்த அட்டைகளில் ஒரே பெண்ணின் ஆறு படம்.

"இதில இவங்களுக்கு என்ன தோணுது?"

பார்த்தேன். "ஆதார் கார்டு எடுக்க வந்திருக்கா."

"இதில?"

"இதுவும் ஆதார்தான். முதல் தடவை சரியா வரலை போலிருக்கு."

மேடம் சிரித்தாரா என்று தெரியவில்லை. அதுதான் விஷயமே. அட்டைகளைக் கீழே வைத்துவிட்டுச் சாந்தாவை என் எதிரில் உட்காரச் சொன்னார்.

"இது யாரு?"

"என் பாரியாள். இருபத்தெட்டு வருஷமா."

"இப்ப எப்படி இருக்காங்க? சந்தோஷமா, கோபமா, சங்கடமா?"

நான் சாந்தாவைப் பார்த்தேன். தெருமுனையில் அவள் திரும்பும்போதே, இன்றைக்குக் காய் வாங்கப் போன இடத்தில் யாரோடு சண்டை என்று சொல்லிவிடுவேன். இப்போது ஒரு முழம் தூரத்தில் இருக்கிறாள். கண் இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது, வாய் இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ மாதிரி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.

"பசி" என்றேன்.

அன்றைக்கு அண்ணாவுக்கு ஐந்தாம் நாள்.

டாக்டர் மேடம் பொறுமையாகச் சொன்னார். ஒரு முகத்தைப் பார்த்ததும் மூளை இரண்டு வேலை செய்கிறதாம். இது யார் என்பது ஒரு வேலை. இவர் எப்படி இருக்கிறார் என்பது இன்னொரு வேலை. இரண்டும் வெவ்வேறு வழியாகப் போகின்றன, இரண்டும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகின்றன, அதனால் இரண்டு வேலை நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. எனக்கு முதல் வழி திறந்திருக்கிறது. இரண்டாவது வழியில் அடைப்பு.

"திரும்ப வருமா மேடம்?"

"கொஞ்சம் வரலாம். இல்லேன்னா எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி பழகிக்கலாம். வாய் ஓரம் கீழே இருக்கா, புருவம் நடுவில சுருங்கியிருக்கா, அப்படி. நேரம் ஆகும்."

பந்தியில் அதற்கு நேரமில்லையே என்று நினைத்தேன். புருவத்தையும் வாயோரத்தையும் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மனுஷன் இலையை மூடிவிட்டு எழுந்து போயிருப்பான்.

அன்றைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைச் சாந்தா ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். அதுவரை என்னைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் வராந்தாக் கோடியில் நிறுத்தி, குழாயில் முகம் கழுவச் சொல்லி, ஒரு தரம் சிரித்துக் காட்டச் சொல்லித்தான் உள்ளே அனுப்பினாளாம். ஏனென்றால் என் கண்ணை ஏமாற்ற முடியாது என்று தெரு முழுக்கத் தெரியும். அட்டைப் பரீட்சைக்குப் பிறகு அதெல்லாம் வேண்டாமென்று ஆகிவிட்டது. "மூஞ்சி எப்படி வேணும்னாலும் இருக்கட்டும். குரல் மட்டும் நேரா இருந்தாப் போரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

வந்தார்கள். என் எதிரில் உட்கார்ந்து அவர்கள் பாட்டுக்கு அண்ணாவுக்காகத் துக்கம் காத்தார்கள். நான் அவர்களுக்கு ஜோக் சொன்னேன்.

சாந்தாவும்தான். வீட்டில் மன்னியைத் தேற்ற வேண்டும். போனில் எங்கள் பெண்ணுக்குத் தைரியம் சொல்ல வேண்டும். பஸ்ஸில் நாலு பேர் பார்ப்பார்கள். "உங்க முன்னாடிதான் நான் மூஞ்சியை அவிழ்த்து வைப்பேன்" என்றாள். தினமும் மத்தியானம் எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அழுதிருக்கிறாள், கண்ணீர் இல்லாமல், சத்தம் இல்லாமல். நான் கஞ்சியில் உப்பு குறைச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி மன்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

லலிதா மன்னி, அண்ணாவின் மனைவி. பக்கத்து வீடு. ஒன்பதாம் நாள் நான் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தேன். மன்னி வைக்கிற மிளகு ரசம் வந்தால்தான் வாயைத் திறப்பேன் என்றேன். குழந்தைகூட இவ்வளவு படுத்தாது. அண்ணாவுக்கு அது ஆறாம் நாள். பத்து நாள் தீட்டு முடியாமல், புருஷனை இழந்தவள் வாசற்படி தாண்டுவது எங்கள் தெருவில் வழக்கமில்லை. உறவுக்காரர்கள் கூடாது என்றார்களாம். மன்னி, "ஒருத்தர் போயாச்சு. இருக்கறவனையாவது சாப்பிட வைக்கறேன்" என்று சொல்லி, ரசம் வைத்து, ஃப்ளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். எனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று எப்போதும்போல் பெரிய பொட்டு, தலையில் பூ. அந்தப் பூவை வாங்கும்போது அவள் கை எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

கண் இரண்டும் சிவந்திருந்தது. சிவப்பு தெரிகிறதே, அது நிறம்தானே.

"என்ன மன்னி, கண்ணு?"

"மெட்ராஸ் ஐ."

"ஐயோ, தள்ளி உட்காருங்கோ. ஏற்கனவே பாதி ஆள்தான் இருக்கேன். பார்த்தே மிச்சத்தையும் முடிச்சுடாதேங்கோ."

மன்னி ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினாள். நான் குடித்தேன். நன்றாக இருந்தது. ரசம் உள்ளே போனதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"பாலக்காட்டுல அண்ணா எப்படி இருக்கானாம்?"

"இருக்கார்."

"உங்களுக்குத்தான் யோகம். குறட்டை இல்லாம ஒரு வாரமாத் தூங்கறேளே! தெருவே தூங்கியிருக்கும். பேசாம அவனை அங்கேயே வெச்சுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துடுங்கோ. திரும்பி வரவே வேண்டாம்."

மன்னியின் வாய் திறந்தது. தோள் குலுங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். யாராவது சிரித்துவிட்டால் என்னை நிறுத்த முடியாது. "நிஜமாத்தான் மன்னி. அவன் இல்லேன்னா அரிசிச் செலவு பாதி" என்று இன்னொன்று போட்டேன். ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஷைனி என் தோளைப் பிடித்தாள்.

"மதி அங்கிளே, மதி."

மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். யாராவது போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி ஊற்றுகிறவன் நான். ஊற்றினேன். மூன்றாவது ஜோக்கை இங்கே எழுத மாட்டேன்.

மன்னி ஃப்ளாஸ்கை மூடி எடுத்துக்கொண்டு, "நாளைக்கும் ரசம் கொடுத்தனுப்பறேன்" என்று நேரான குரலில் சொல்லிவிட்டுப் போனாள். கொடுத்தனுப்பினாள். தினமும்.

இருபத்திரண்டாம் நாள் டிஸ்சார்ஜ். அண்ணாவின் பிள்ளை காரியமெல்லாம் முடித்து, வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். டாக்டர் மேடமும் ஷைனியும் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார்கள். வழியனுப்ப என்று நினைத்து இரண்டு ஜோக் தயாராக வைத்திருந்தேன். சாந்தா என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, என் மூஞ்சியைப் பார்க்காதேங்கோ. அது உங்களுக்குப் பிரயோஜனமில்லை. சொல்றதை மட்டும் கேளுங்கோ. நாணு அண்ணா இல்லை."

"பாலக்காட்டுலேருந்து எங்கே போனான்?"

"பாலக்காட்டுக்கே போகலை. அண்ணா தவறிப்போயிட்டார். நீங்க ஐ.சி.யூ.ல இருந்த நாலாம் நாள்."

எனக்கு முதலில் அண்ணா ஞாபகத்துக்கு வரவில்லை. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். முதலில் வந்தது மன்னியின் கண். அப்புறம் பூ. அப்புறம் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. அதற்கெல்லாம் பிறகுதான் அண்ணா வந்தான். வலது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இடதுபக்கம் அசையவில்லை. நான் அழுகிறேனா, எனக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டதா என்று தெரியாமல் சாந்தா பயந்துபோய் டாக்டரைப் பார்த்தாளாம். என் முகமும் மற்றவர்களுக்குப் படிக்கிற மாதிரி இல்லை.

"பேடிக்கண்டா ஆன்ட்டி, பயப்படாதீங்க" என்று ஷைனிதான் சொன்னாள். "அங்கிள் அழறார். அழட்டும்."

வீட்டுக்கு வந்து நாலு நாள் பக்கத்து வீட்டுப் பக்கமே போகவில்லை. நாலு கால் ஊன்றுகோலோடு நடக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். மருந்துக்கடைவரை நடந்தேன், அது வேறு. ஐந்தாம் நாள் சாந்தா, "நீங்களாப் போறேளா, நான் மன்னியை இங்கே கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். போனேன்.

மன்னி சாப்பாட்டு மேஜையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு எவ்வளவோ அவ்வளவு காய். சின்னதாக ஒரு பொட்டு.

"வா ரமணி. உட்காரு. காபி தரட்டா?"

"வேண்டாம் மன்னி." உட்கார்ந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தது ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு நான் பேசினது..."

"என்னிக்கு?"

"மெட்ராஸ் ஐ அன்னிக்கு."

கத்தி நின்றது. அப்புறம் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியாது மன்னி. தெரிஞ்சிருந்தா நாக்கை அறுத்துண்டிருப்பேன். திரும்பி வரவே வேண்டாம்னு, என் வாயாலே, உங்ககிட்ட..."

"ரமணி, கேளு. அவர் போன அன்னிலேருந்து வந்தவா எல்லாரும், புண்ணியாத்மா, தங்கமான மனுஷன், கஷ்டப்படாமப் போயிட்டார்னு போனவராவே பேசினா. ஆறு நாள் அதையே கேட்டேன். நீ ஒருத்தன்தான் அவர் குறட்டை விடறார்னே. உனக்கு அவர் பாலக்காட்டுல இருந்தாராக்கும். அந்த அரை மணி நேரம் எனக்கும் இருந்தார்." கொத்தவரங்காயை ஒதுக்கி வைத்தாள். "நான் அன்னிக்குச் சிரிச்சேன்டா. நிஜமாவே சிரிச்சேன். அவர் போனப்புறம் முதல் தடவை."

குரல் நேராகத்தான் இருந்தது. ஆனால் குரலை நேராக வைத்துக்கொள்ள இந்த வீட்டுப் பெண்கள் பதினெட்டு நாள் பழகியிருக்கிறார்கள். நிஜத்தைச் சொல்கிறாளா, நான் நாக்கை அறுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகச் சொல்கிறாளா?

முகத்தைப் பார்த்தேன். டாக்டர் மேடம் சொல்லிக்கொடுத்தபடி எழுத்துக் கூட்டினேன். வாயோரம் கீழே போகவில்லை, மேலேயும் போகவில்லை. புருவம் நடுவில் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அது வெளிச்சத்துக்காகவும் இருக்கலாம்.

"என்னடா அப்படிப் பார்க்கறே?"

"படிக்கறேன் மன்னி."

"என்ன எழுதியிருக்கு?"

"லலிதா மன்னின்னு எழுதியிருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியலை."

மன்னி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, அழுகிறாளா? கேட்கலாம்தான். கேட்டால் பதில் சொல்வாள், அதுவும் நேரான குரலில்.

நான் கேட்கவில்லை. அவளாக முந்தானையை எடுக்கிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று.